ஒப்பிடக் கொடுத்த ரத்தம்

அந்த வீட்டில் யாருக்கு யார்மேல் கோபம் என்பதைப் பாத்திரங்கள்தான் முதலில் சொல்லும். அன்று காலை மாமியார் அடுப்பில் வைத்த வேகத்தில் பாதிப் பால் மேடையில் கொட்டிவிட்டது. துடைக்க வந்த மூத்த மருமகளின் கையிலிருந்து துணியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"நீ தொடாத தாயே. நீ தொட்டா எது எங்க மாறும்னு யாருக்குத் தெரியும். டியூப்காரி கை ஆச்சே அது."

மரபணு ஆராய்ச்சி செய்கிற மருத்துவரான மூத்தவளுக்கு அந்த வீட்டில் கிடைத்த பட்டம் அது. வருஷக்கணக்கில் கேட்டுக் காது மரத்துவிட்டது என்று அவள் கணவன் நினைத்துக்கொண்டிருந்தான். காது மரத்தது உண்மைதான், மனசு மரக்கவில்லை.

கூடத்தில் இளைய மருமகளின் பெட்டி நின்றது. அதை அடுக்கியது அவள் அல்ல, மாமியார். மூன்றாவது முறையும் கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண்ணால் இன்னும் நேராக நிமிர்ந்து நடக்கக்கூட முடியவில்லை. ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின் உறை போட்டு மூடிக் கிடந்தது. அவளுடைய அண்ணனுக்கு முந்தின நாளே போன் போய்விட்டது. "வந்து உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. என் பிள்ளைக்கு நான் வேற இடம் பாக்கறேன்" என்று மாமியார் சொன்னது வீடு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

அந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தான்? மருந்துக்கடை வைத்து ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன், தனக்கு வாய் திறக்க ஒரு மாத்திரை இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் அண்ணன், மூத்தவளின் கணவன், பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் அத்தனை பையன்களையும் ஒரு பார்வையில் அடக்குவான். அம்மாவுக்கு முன்னால் அவனே கடைசி பெஞ்சு.

மூத்தவள் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். என்கிட்ட வாங்கின வாக்கைத் திருப்பிக் குடுங்க."

மாமியாரின் கை நின்றது. பிறகு இன்னும் வேகமாகத் துடைக்க ஆரம்பித்தது.

"எந்த வாக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

இரண்டு பேருக்கும்தான் தெரியும். மூத்தவளின் வேலை, வயிற்றில் கரு ஏன் தங்காமல் போகிறது என்று தேடுவது. அடிக்கடி கரு கலைகிற தம்பதிகளிடம் ரத்தம் வாங்கி, அதிலுள்ள செல்களைச் சில நாள் வளர்த்து, கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயம் ஏற்றி, குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். அதோடு ஒப்பிட, ஒரு கருகூடக் கலையாமல் பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தமும் வேண்டும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. ஒப்பிடும் ரத்தத்துக்காக வெளியே அலைய மாட்டார்கள், சொந்தக்காரர்களைப் பிடித்துவிடுவார்கள். அவளும் மாமியாரைப் பிடித்தாள். சின்னவனுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் நடந்தது அது.

"எப்பவாவது கரு கலைஞ்சிருக்கா அத்தை?" என்று கேட்டதற்கு, "எனக்கா? தங்காம போனதுன்னு என் வயித்துல ஒண்ணு கிடையாது" என்று தலையை நிமிர்த்திச் சொன்னார் மாமியார். கையை நீட்டும்போது ஒரு நிபந்தனை போட்டார். "அதுல என்ன இருந்தாலும் என்கிட்டயும் சொல்லக்கூடாது, வேற யார்கிட்டயும் சொல்லக்கூடாது. என் பேரே வரக்கூடாது." கொடுத்தவர் வேண்டாம் என்றால் வாயைத் திறக்கக்கூடாது என்பது ஆய்வகத்தின் சட்டமும்கூட. அவள் சரி என்றாள்.

பார்த்தால், கருவைத் தங்கவிடாத கோளாறு அந்த ரத்தத்திலேயே இருந்தது. இரண்டு குரோமோசோம்களின் முனைகள் ஒன்றுக்கொன்று இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு தகடு எடுத்துப் பார்த்தாள். அதேதான். ஆய்வகத் தலைவர், எல்லாரும் பெரிய டாக்டர் என்று கூப்பிடுகிறவர், நம்பவில்லை. "ஒரு கருகூடக் கலையாதவங்ககிட்ட இது இருக்குன்னா, நீ டியூபை மாத்தி வச்சிட்டன்னு அர்த்தம். அந்த அம்மாவைக் கூட்டிட்டு வா, திரும்ப எடுப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கெஞ்சினாள். "ஒரு தடவை குடுத்தது போதும்" என்று அவர் எழுந்து போய்விட்டார். யாருடைய ரத்தம் என்றும் சொல்ல முடியவில்லை, மறுபடி கொண்டுவரவும் முடியவில்லை. ஒரு டியூப் மாறியிருந்தால் மற்றவை மாறவில்லை என்று யார் சொல்வது? மூன்று வருஷ ஆராய்ச்சி குப்பைக்குப் போனது. ஆராய்ச்சிக் குழுவின் தலைமைப் பொறுப்பு அவளிடமே வேலை கற்றுக்கொண்ட ஒருவனுக்குப் போனது. வீட்டில் அவள் டியூப்காரி ஆனாள். கணவன்கூட, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம் நீ" என்றான். மாமியார் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு சின்னவள் மருமகளாக வந்தாள். ஒவ்வொரு கரு கலைந்தபோதும் மூத்தவள், "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் குரோமோசோம் டெஸ்ட் பண்ணுங்க" என்று சொல்லாமல் இருந்ததில்லை. "என் பிள்ளைக்கு எதுக்குடி டெஸ்ட்? அவன் கல்லு மாதிரி இருக்கான்" என்று மாமியார் அடித்துப் பேசுவார். பிள்ளையும் அம்மா சொன்னால் சரி என்று இருந்துவிடுவான்.

"திருப்பிக் குடுங்க அத்தை" என்றாள் மூத்தவள் மறுபடியும். "நான் உங்க பேர்ல எதையும் சொல்லல. சொல்ல அனுமதி குடுங்கன்னுதான் கேக்கறேன். இன்னைக்கு அவ அந்தப் பெட்டியோட வெளிய போனா, அப்புறம் திரும்பி வரமாட்டா."

"வரவேணாம்னுதானே அனுப்பறேன்."

"அவ மேல தப்பில்லைன்னா?"

மாமியார் திரும்பினார். அந்தக் கண்ணில் கோபம் இருந்தது. கோபத்துக்குப் பின்னால் வேறு ஏதோவும் இருந்தது, மூத்தவளுக்கு அது பிடிபடவில்லை.

"இதோ பாரு. நீ வாயைத் திறந்தா, உன் ஆஸ்பத்திரிக்கு நானே வருவேன். ரத்தத்தை வாங்கிட்டு ரகசியத்தைத் தூத்திட்டான்னு உங்க பெரிய டாக்டர் முன்னாடி நின்னு சொல்வேன். மிச்சம் இருக்கற வேலையும் போகும். போயிடுமா, போகாதா?"

"போயிடும்."

"அப்ப வாயை மூடிட்டு இரு."

வாசல் மணி அடித்தது. சின்னவளின் அண்ணன் வந்துவிட்டான். பஸ் பணிமனையில் மெக்கானிக். வேலைக்குப் போகிற சட்டையோடே வந்திருந்தான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"என் தங்கச்சி என்ன தப்பு பண்ணினான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான்.

"தப்பு அவ பண்ணலப்பா, அவ வயிறு பண்ணுது" என்றார் மாமியார். "மூணு ஆச்சு. இன்னும் எத்தனைக்கு நாங்க காத்திட்டிருக்கணும்? எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு நடந்ததே இல்ல. நானும் ரெண்டு பெத்தவ. ஒண்ணும் தவறினது கிடையாது."

"எங்க வீட்லயும் நடந்ததில்ல."

"அப்ப இவகிட்ட புதுசா முளைச்சிருக்கு."

அவன் முகம் சிவந்துபோனது. தங்கையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டென்று மூத்தவளின் பக்கம் திரும்பினான்.

"டாக்டரம்மா, இவங்க பேசறதை நான் எடுத்துக்கல. நீங்க படிச்சவங்க. இதே வேலைதான் பாக்கறீங்க. நீங்க சொல்லுங்க. என் தங்கச்சிகிட்டதான் குறையா?"

வீடே அவளைப் பார்த்தது. ஒரே வார்த்தை போதும். இல்லை என்று சொன்னால், அப்படியானால் யாரிடம் என்று கேட்பார்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

"நான்... அதைச் சொல்ல முடியாதுங்க."

சொன்ன பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கே புரிந்தது. சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"பாத்துக்கோப்பா" என்றார் மாமியார். "டாக்டரே வாயைத் திறக்க மாட்டேங்கறா. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"போதும் அத்தை. புரிஞ்சிடுச்சு" என்றாள் சின்னவள். குரல் எங்கிருந்தோ வந்தது. "அக்கா பொய் சொல்ல மாட்டாங்க. என் மனசு கஷ்டப்படும்னு இத்தனை நாள் சொல்லாம இருந்திருக்காங்க... அண்ணா, பெட்டியை எடு."

பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க வேற கல்யாணம் பண்ணிக்கோங்க. நான் குறுக்க வரமாட்டேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் வலி வந்தப்ப, நான் காலை இறுக்கி வச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். அசையாம இருந்தா நின்னுடும்னு நெனச்சேன். பிடிச்சு வைக்கப் பாத்தேங்க. என்னால முடியல. அவ்வளவுதான்."

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அழத் தெரிந்தது, எழுந்திருக்கத் தெரியவில்லை.

மூத்தவளுக்குள் ஏதோ அறுந்தது. வேலையாவது, வாக்காவது. தன் மௌனத்தைச் சாட்சியாக வைத்து ஒருத்தி வெளியே போகப் போகிறாள்.

"பெட்டியைக் கீழ வைங்க" என்றாள் அந்த அண்ணனிடம். "குறை அவகிட்ட இருக்கணும்னு இல்ல. என் வேலை போனா போகட்டும். எனக்கு ஒண்ணு தெரியும், அதை நான் சொல்லிடறேன்..."

"நீ சொல்லாத."

மாமியார்தான். அதட்டலாக ஆரம்பித்த குரல் நடுவில் உடைந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ சொல்லாத... நானே சொல்றேன்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் போச்சு. ரெண்டு. பெரியவனுக்கு முன்னாடி ஒண்ணு. இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு. முதல்ல போனப்ப என் மாமியாரும் இதே மாதிரி பெட்டியை அடுக்கி வச்சாங்க. உங்க அப்பா கையில கால்ல விழுந்து நிறுத்தினாரு. ரெண்டாவது போனதை அவருக்குக்கூட நான் சொல்லல. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, வாயில துணியை வச்சுக்கிட்டு... முடிச்சு, கழுவி விட்டுட்டு வெளிய வந்தேன். அன்னைக்கு வீட்ல அத்தனை பேருக்கும் நான்தான் சமைச்சுப் போட்டேன்."

"அம்மா..." என்றான் மூத்த மகன்.

"நீ பேசாத. இவ ரத்தம் கேட்டப்ப, ஒண்ணும் போனதில்லைன்னு பொய் சொன்னேன். பெருமைக்குச் சொன்னேன். திரும்ப வந்து இன்னொரு தடவை குடுங்கன்னு நின்னா பாரு, ரத்தத்துல எல்லாம் தெரிஞ்சு போச்சுடான்னு நடுங்கிட்டேன். இவ டியூபை மாத்தல. எதையும் மாத்தல. நான் கையை நீட்டியிருந்தா இவ இன்னைக்குத் தலைவியா இருப்பா. நீட்டல. அதோட நிறுத்தினேனா? பட்டப்பேரு வேற வச்சேன்."

பிறகு மூத்தவளைப் பார்க்காமலே சொன்னார். "உன் வாக்கு உனக்குத் திரும்பி வந்தாச்சு. என்ன இருந்துச்சுன்னு சொல்லு. நானும் கேட்டுக்கறேன்."

மூத்தவள் சின்னவளின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். புத்தகத்து வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை.

"நீ நாலு சட்டை தைக்கறன்னு வச்சுக்கோ. நீலம் ரெண்டு, பச்சை ரெண்டு. தைக்கும்போது ஒரு நீலத்துக்கும் ஒரு பச்சைக்கும் மட்டும் கை இதுக்கு அதும் அதுக்கு இதுமா மாறிப்போச்சு. நாலு சட்டையும் ஒரே ஆள்கிட்ட இருக்கற வரைக்கும் துணி ஒண்ணும் குறையல. அவங்க நல்லாத்தான் இருப்பாங்க. பிள்ளைக்கு ஒரு நீலமும் ஒரு பச்சையும் குடுக்கும்போது, அதுல மாறின சட்டை ஒண்ணும் சரியான சட்டை ஒண்ணுமா போயிட்டா..."

சின்னவள் யோசித்தாள். தையல்காரிக்கு அதில் யோசிக்க நேரம் ஆகவில்லை. "ஒரு துணி கூடிப்போகும். ஒரு துணி குறையும்."

"அந்தக் கரு தங்காது. யாரு பிடிச்சு வச்சாலும் தங்காது. ரெண்டும் சரியா போச்சுன்னா தங்கும். ரெண்டும் மாறினதா சேர்ந்து போனாலும் தங்கும், ஆனா அந்தப் பிள்ளை வளர்ந்து அதையே தன் பிள்ளைக்குக் குடுக்கும். உன் வீட்டுக்காரருக்கு அத்தைகிட்டேருந்து எது வந்துச்சுன்னு பாத்தாதான் தெரியும். மாறினது இருந்துச்சுன்னாலும் வழி இருக்கு. கருவை வெளிய உண்டாக்கி, சரியா இருக்கறதைப் பாத்து உள்ள வைக்கலாம். கட்டாயம் நடக்கும்னு சொல்ல மாட்டேன். நடக்க வழி இருக்கு."

சின்னவளின் குரல் மாறியிருந்தது.

"அக்கா. இது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"உன் கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து."

"மூணு தடவையும் தெரியும்."

"தெரியும்."

"கட்டில் பக்கத்துல உட்கார்ந்து தலையைத் தடவிக் குடுத்தீங்களே, அப்பவும் தெரியும்."

மூத்தவள் தலையை ஆட்டினாள்.

"நான் ராத்திரி முழுக்க, என்ன தின்னேன், எதைத் தூக்கினேன், எங்க நடந்தேன்னு என்னையே தோண்டிட்டு இருந்தேன். உங்களுக்குத் தெரியும்... உங்க வாக்கை நீங்க காப்பாத்திட்டீங்க அக்கா. அதுக்கு விலையா என்னை எடுத்துக்கிட்டீங்க."

மூத்தவளுக்கு அழுகை வந்தது. தான் இழந்தது எதையும் அவள் சொல்லிக்காட்டவில்லை. இந்தக் குற்றச்சாட்டுக்கு முன்னால் அது எதுவும் நிற்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"அவளை விடு" என்றார் மாமியார். "அவ ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் பண்ணுங்கன்னு வந்து நின்னா. துரத்தினது நான். அவ வாயைத் தைச்சது நான். திட்டணும்னா இந்தப் பக்கம் திரும்பித் திட்டு."

"உங்களையும் விடமாட்டேன் அத்தை" என்றாள் சின்னவள். அந்த வீட்டில் மாமியாரிடம் அப்படி ஒருவரும் பேசியதில்லை. "உங்களுக்கு அந்த வலி தெரியும். தெரிஞ்சும் என் பெட்டியை அடுக்கினீங்க. தெரியாதவங்க பண்ணியிருந்தா மன்னிச்சிருப்பேன்."

மாமியார் எழுந்து உள்ளே போனார். போன வேகத்தில் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் கிளம்புங்க" என்றார். "ஆஸ்பத்திரிக்கு நான் வர்றேன்னு காலையில சொன்னேன் இல்ல? வர்றேன்."

ஆஸ்பத்திரியில், ஆய்வகத்து வராந்தாவிலேயே மூத்தவள் நின்றுவிட்டாள். மறுபடி சந்தேகம் வராமல் இருக்க, இந்த முறை குடும்பத்து ரத்தத்தை அவள் தொடக்கூடாது. அவளுடைய பழைய மாணவன், இப்போதைய குழுத் தலைவன், அவன்தான் எடுக்க வேண்டும். அவனும் பெரிய டாக்டரும் அறைக்குள் இருந்தார்கள். மாமியார் யாரையும் கேட்காமல் உள்ளே போனார். மற்றவர்கள் பின்னால் போய் வாசலில் நின்றார்கள்.

"நீங்கதான் பெரிய டாக்டரா? ஒரு கருவும் கலையலைன்னு பொய் சொல்லி ரத்தம் குடுத்த பொம்பளை நான்தான். இவளோட மாமியார். பேரைச் சொல்லக்கூடாதுன்னு இவ வாயைக் கட்டினதும் நான்தான். திரும்பக் கேட்டப்ப கையை நீட்டாததும் நான்தான். இப்ப நீட்டறேன், எடுத்துப் பாருங்க. அன்னைக்குப் பாத்ததேதான் இருக்கும். அப்புறம் இவளுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்கன்னு நான் இங்கயே உட்கார்ந்து கேக்கறேன்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு மூத்தவளைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"குடுத்தவங்க வேண்டாம்னாங்க சார். நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

பழைய மாணவன் எழுந்து நின்றுவிட்டான். "மேடம், அந்தத் தகடு எல்லாம் நான் தூக்கிப் போடல. உள்ளதான் இருக்கு" என்றான், ஏதோ அவன் குற்றம்போல. மூத்தவளின் கணவன் வாசலிலேயே நின்று மனைவியைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதற்கு அவன் இன்னும் பல நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

முதலில் மாமியார் கையை நீட்டினார். அடுத்தது சின்னவன். ஊசி இறங்கும்போது மனைவியிடம், "என்கிட்டதான் இருக்குன்னா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டான்.

"உங்க பெட்டியை அடுக்க மாட்டேன்" என்றாள் சின்னவள். அவன் தலை குனிந்துகொண்டான்.

அவள் முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கையை வைத்தவள், ஊசியைக் கண்டதும் வெடவெடத்தாள். பிழைப்பே ஊசியில்தான், ஆனாலும் தன் உடம்பில் ஏறுகிற ஊசி வேறு. ஆஸ்பத்திரியில் எத்தனை முறை குத்தினாலும் அந்தப் பயம் அவளுக்குப் போகவில்லை. புருஷனைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் தனியாக நின்ற மூத்தவளைப் பார்த்தாள்.

"அக்கா. இங்க வாங்க."

மூத்தவள் வந்தாள்.

"எனக்கு உங்க மேல இன்னும் கோவம் போகல."

"போக வேண்டாம். கையைக் குடு."

சின்னவள் கொடுத்தாள். நகம் பதிகிற அளவுக்கு அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை மூத்தவளின் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். டியூப் நிறைந்தது, ஊசியை எடுத்தார்கள், பஞ்சு வைத்தார்கள். முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவள் கையை விடவில்லை. மூத்தவளும் விடச் சொல்லவில்லை.